கண்ணுக்குக் கீழே ஒரு வயர் போடுங்க சார்!

1. நீளமான த்ரெட் இது. வீட்ல யாருக்காவது வலிப்புன்னு மாத்திரை ஓடிட்டு இருந்தா, இல்ல "பையனுக்கு ஒரு இ.இ.ஜி. எடுத்துப் பாத்துடலாம்"னு யாராவது சொல்லியிருந்தா, கடைசி வரைக்கும் படிங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நிறுத்தறதா, குறைக்கிறதா, மாத்தறதான்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

2. நான் நரம்பியல் நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். மட்டும் படிச்சவன். வீடு ஸ்ரீரங்கம். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் திருச்சி பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஓ.பி. பாக்கிறேன். "நிபுணர் பேச வேண்டிய விஷயத்தை நீ ஏன் பேசறே?"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா நிபுணர் ஒரு தடவை எழுதின சீட்டை மாசாமாசம் புதுப்பிச்சுக் கொடுக்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான். அந்தத் தப்புல எனக்கும் பங்கு இருக்கு. அதனாலதான் எழுதறேன்.

3. ஒரு பையன். வயசு 19, ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக். (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு வருஷமா வலிப்பு மாத்திரை. எங்க ஓ.பி.க்கு மாசம் ஒரு தடவை வருவான். நோட்டை நீட்டுவான், நான் "அதே மாத்திரை, 30 நாள்"னு எழுதுவேன். இப்படி ஏழு மாசம். ஒரு நாள் கூட்டம் கம்மி. அவனே கேட்டான்: "சார், எனக்கு லைசன்ஸ் கிடைக்குமா? அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு. லோடு ஆட்டோவை நான்தான் எடுக்கணும்."

4. அன்னிக்குத்தான் நான் முதல் தடவையா, "உனக்கு என்னப்பா ஆச்சு, ஆரம்பத்துல இருந்து சொல்லு"ன்னு கேட்டேன். பன்னெண்டாவது படிக்கும்போது காலையில சாப்பிடாம ஸ்கூல் பிரேயர்ல வெயில்ல நின்னிருக்கான். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு, வேர்த்துச்சு, விழுந்துட்டான். கை ரெண்டு தடவை வெட்டுச்சு. யாரோ கையில சாவிக்கொத்தைத் திணிச்சிருக்காங்க. அரை நிமிஷத்துல எழுந்து, "தண்ணி குடுங்க"ன்னு கேட்டிருக்கான். அதுக்கு முன்னாடியும் எதுவும் இல்ல, அதுக்கு அப்புறமும் எதுவும் இல்ல. வாழ்க்கையில அந்த ஒரே தடவைதான்.

5. இது சாதாரண மயக்கம். மூளைக்குப் போற ரத்தம் சில விநாடி குறையும்போது கை கால் லேசா வெட்டுறது சகஜம், அது வலிப்பு நோய் ஆகாது. எம்.பி.பி.எஸ். மூணாம் வருஷப் பையனுக்கும் இது தெரியும். அப்புறம் எப்படி இவன் வலிப்பு நோயாளி ஆனான்? ஒரு ரிப்போர்ட்டால. "நெற்றிப் பகுதியில் இருபுறமும் கூர்மையான அலைகள்; வலிப்புக்கான சாத்தியம்" என்று அச்சடிச்ச ஒரு இ.இ.ஜி. ரிப்போர்ட். எடுத்தது ஒரு தனியார் மையம். கீழே கம்ப்யூட்டர் போட்ட கையெழுத்து. எழுதினது ஆளா மெஷினான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

6. அவன்கிட்ட அந்தப் பழைய கிராஃப் பேப்பர்களும் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு நரம்பியல் சீனியர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் நாலு பக்கம் புரட்டினார். "டேய், இது கண் சிமிட்டல்டா" என்றார். அவ்வளவுதான். ரெண்டு வருஷ மாத்திரை, ரெண்டு வருஷ பயம், வண்டி ஓட்டக் கூடாது, கிணத்துப் பக்கம் போகக் கூடாது, பொண்ணு பாக்கக் கூடாது. எல்லாத்துக்கும் காரணம் பையன் கண்ணைச் சிமிட்டினது.

7. எப்படி இப்படி நடக்கும்? இ.இ.ஜி. என்னன்னு முதல்ல பாத்துடலாம். தலையில எலக்ட்ரோடுகளைப் பேஸ்ட் வெச்சு ஒட்டி, மூளையோட மின்சார ஏற்ற இறக்கத்தைப் பதிவு பண்றது. ஜெர்மனியில ஹான்ஸ் பெர்கர் 1924-ல மனுஷ மூளையில இருந்து முதல் பதிவை எடுத்தார், 1929-ல வெளியிட்டார். ஷாக் எதுவும் கொடுக்கிறது இல்ல. மெஷின் கேக்கும், அவ்வளவுதான். ஆனா காது கேக்கிற மெஷினுக்கு யார் குரல்னு தெரியாது. மூளை பேசினாலும் எழுதும், கண்ணு பேசினாலும் எழுதும், தாடை கடிச்சாலும் எழுதும், ஃபேன் வயர் கரண்டையும் எழுதும்.

8. மூளை தவிர மத்த இடத்துல இருந்து வந்து கலக்கிற இந்த அலைகளுக்கு ஆர்டிஃபேக்ட்னு பேரு. கலப்படம்னு வெச்சுக்கலாம். கலப்படத்துல பெரிய கலப்படம் கண்ணுதான். ஏன்னா கண்ணு ஒரு குட்டி பேட்டரி. முன்பக்கம் பாசிட்டிவ், பின்னால விழித்திரைப் பக்கம் நெகட்டிவ். எமில் டு புவா-ரேமோன் இதை 1849-லயே மீன் கண்ணுல அளந்து காட்டிட்டார். சிமிட்டும்போது விழி லேசா அசையுது, இமை அது மேல வழுக்கிட்டுப் போகுது. அந்த பேட்டரியோட தாக்கம் நெத்தியில இருக்கிற எலக்ட்ரோடுல பெரிய அலையா விழுது.

9. எவ்வளவு பெரிசு? விழிச்சு அமைதியா இருக்கிற மூளையோட அலைகள் பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு சிமிட்டல் 100, 200 மைக்ரோவோல்ட்டைச் சாதாரணமா தாண்டும். பக்கத்துத் தெருவுல அதிர்வேட்டு போட்டுட்டு இருக்கும்போது வீணைக் கச்சேரியை ரெக்கார்ட் பண்ற மாதிரி. கண்ணைத் திறந்து வெச்சிருக்கிற நேரத்துல நாம நிமிஷத்துக்கு 15, 20 தடவை சிமிட்டுவோம். பயந்து போய் படுத்திருக்கிற பையன் அதுக்கும் மேல. கண்ணை மூடச் சொன்னாலும் இமை துடிக்கும்.

10. இதைக் கண்டுபிடிக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். கண்ணுக்குக் கீழே ஒரு எலக்ட்ரோடு கூடுதலா ஒட்டினா போதும். அசைஞ்சது கண்ணுன்னா, கண்ணுக்கு மேல இருக்கிற நெத்தி எலக்ட்ரோடும் கீழே இருக்கிற எலக்ட்ரோடும் எதிரெதிர் திசையில போகும். பேட்டரி நடுவுல இருக்கு இல்லியா, அதனால. மூளையோட முன்பகுதியில இருந்து வந்த அலைன்னா ரெண்டும் பெரும்பாலும் ஒரே திசையில போகும். ஒரு வயர், கொஞ்சம் பேஸ்ட், ஒரு நிமிஷம். அந்தப் பையனுக்கு அந்த வயர் போடலை.

11. அதுவும் வேண்டாம். டெக்னீசியன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்து, "இப்ப சிமிட்டினார்", "இப்ப இருமினார்", "இப்ப அழறா"ன்னு பதிவுலயே குறிச்சு வெச்சா போதும். நல்ல டெக்னீசியன்கள் இதைச் செய்யறாங்க. சந்தேகமா இருந்தா மூடின இமை மேல லேசா விரலை வெச்சுப் பிடிச்சுப் பாப்பாங்க. அலை காணாமப் போனா அது கண்ணு. ஸ்ரீரங்கத்துப் பெரியவங்ககிட்ட, "திருமண்ணைக் கொஞ்சம் கலைக்கணும் மாமா, எலக்ட்ரோடு ஒட்டாது"ன்னு பக்குவமா சொல்லி, நெத்தியைத் துடைச்சு, ஒழுங்கா ஒட்டறதும் அவங்கதான். அந்த வேலைக்கு மதிப்பு கொடுக்காத வரைக்கும் எந்த மெஷினும் உருப்படாது.

12. இங்கதான் சாஃப்ட்வேர் வருது. இப்ப பல இடத்துல கேக்கிற விற்பனைப் பேச்சு: "எங்க சிஸ்டத்துல கண் சிமிட்டலை ஏ.ஐ.யே கண்டுபிடிச்சு நீக்கிடும் சார். ரிப்போர்ட்டும் அதுவே போட்டுடும். டெக்னீசியன் நிக்க வேண்டாம், நியூராலஜிஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம்." இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கறேன். சாஃப்ட்வேரை இல்ல. அந்த ரெண்டாவது, மூணாவது வாக்கியத்தை.

13. சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்யுது? மூணு வழி. முதல் வழி: நெத்தி எலக்ட்ரோடுல அலை ஒரு அளவைத் தாண்டினா, அகலமும் சிமிட்டல் அகலமா இருந்தா, "இது சிமிட்டல்"னு முத்திரை குத்தறது. ரெண்டாவது வழி: கண்ணுக்குப் பக்கத்துல தனி வயர் போட்டு, அது காட்டற அலை தலையில எந்த இடத்துக்கு எவ்வளவு கசியுதுன்னு கணக்குப் போட்டுக் கழிக்கிறது. கிராட்டன், கோல்ஸ், டான்சின் மூணு பேரும் 1983-ல வெளியிட்ட முறை இதுல பிரபலம். கவனிங்க. இதுக்கும் அந்த வயர் வேணும்.

14. மூணாவது வழிதான் இன்னிக்குப் பெரிசா ஓடுது. வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு ராஜகோபுரத்துக்கு முன்னாடி 19 இடத்துல மைக் வெச்சிருக்கோம்னு நினைச்சுக்குங்க. எல்லா மைக்லயும் நாதஸ்வரம், போலீஸ் அறிவிப்பு, பஸ் ஹாரன், குழந்தை அழுகை எல்லாம் வேற வேற அளவுல கலந்து கேக்கும். 19 பதிவையும் ஒப்பிட்டு நாதஸ்வரத்தைத் தனியா, ஹாரனைத் தனியா பிரிக்கிற கணக்கு ஒண்ணு இருக்கு. 1996-ல ஸ்காட் மகேக் குழு அதை இ.இ.ஜி.க்குக் கொண்டு வந்தாங்க. சிமிட்டல் இதுல அழகா தனியா பிரியும். உண்மையிலேயே நல்ல விஷயம்.

15. இன்னொரு உண்மையும் சொல்றேன். இது எதுவும் ரகசியம் இல்ல. இ.இ.ஜி.லேப், எம்.என்.இ. பைத்தான் ரெண்டும் ஆராய்ச்சியாளர்கள் இலவசமா கொடுத்திருக்கிற தொகுப்புகள். சிமிட்டலை மட்டும் தேடறதுக்கு பிளிங்கர்னு ஒண்ணு 2017-ல வந்துச்சு. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பசங்க லேப்டாப்ல ஓட்டிப் பாக்கலாம். அதனால "நாங்க மட்டும்தான் கண்டுபிடிச்சோம்"னு யாராவது கோட் சூட் போட்டுட்டு வந்தா, உள்ள என்ன ஓடுதுன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா அங்கேயே நிறுத்திக்குங்க.

16. அப்ப பிரச்சினை எங்க? இந்த முறைகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துல வளர்ந்தது. அங்க உக்காந்திருக்கிறவர் "அசையாதீங்க"ன்னா அசையாத, கையெழுத்துப் போட்டு வந்த பெரியவர். நம்ம ஓ.பி.க்கு வர்றது யாரு? ராத்திரி தூங்க விடாம வெச்சிருந்து காலையில முதல் பஸ்ல தூக்கிட்டு வந்த மூணு வயசுக் குழந்தை. "தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்க"ன்னு சொன்னதை மறந்துட்டு வந்த பாட்டி. ஒட்டாத எலக்ட்ரோடு, ஓடற ஃபேன், கதவைத் திறந்து "அடுத்தது நாங்களா?"ன்னு கேக்கிற ஆள். கலப்படம் இப்படி வந்தா, பிரிக்கிற கணக்கும் தடுமாறும்.

17. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. இது ரெண்டாவது கதை. ஒன்பது வயசுப் பொண்ணு. "கண்ணைக் கண்ணைச் சிமிட்டுறா, டிவி பாத்துப் பாத்துப் பழக்கமாயிடுச்சு"ன்னு வீட்ல திட்டு, ஸ்கூல்ல கிண்டல். வெளிச்சத்துக்கு வந்தா இமை படபடன்னு துடிக்கும், விழி மேல போகும், ரெண்டு மூணு விநாடியில சரியாயிடும். ஒரு நாளைக்குப் பல தடவை. இ.இ.ஜி. எடுத்தாச்சு. ரிப்போர்ட்: "கண் இமைப்பு நீக்கப்பட்டது. பதிவு இயல்பானது." கண் டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. கண்ணாடி தேவையில்லைன்னு சொல்லிட்டார்.

18. அந்தப் பொண்ணோட பாட்டி அம்மா மண்டபத்துல குளிக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. காலை வெயில், தண்ணி மேல பளபளன்னு ஒளி. படியில நின்னுட்டு இருந்தவ கண்ணு துடிச்சு, அப்படியே தண்ணிக்குள்ள சரிஞ்சுட்டா. பக்கத்துல தர்ப்பணம் பண்ணிட்டு இருந்த ஒருத்தர் முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டார். நாலு படி கீழே இருந்திருந்தா இந்தக் கதையை நான் வேற மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

19. இதுக்கு ஒரு பேர் உண்டு. பீட்டர் ஜீவன்ஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர் 1977-ல விவரிச்ச வலிப்பு வகை. அவர் பேராலயே ஜீவன்ஸ் சிண்ட்ரோம்னு சொல்றோம். இமைத் துடிப்புதான் வலிப்பே. கண்ணை மூடின உடனே, வெளிச்சத்துல, அடிக்கடி வரும். பாக்கிறவங்களுக்குப் பழக்கதோஷம் மாதிரித் தெரியும். "வெறிச்சுப் பாக்கிற" வலிப்புலயும் இமை படபடக்கும். இந்தப் பிள்ளைங்களுக்குச் சிமிட்டல் கலப்படம் இல்ல. சிமிட்டலுக்கு உள்ளதான் நோய் ஒளிஞ்சிருக்கு.

20. நீக்காத மூலப் பதிவை வாங்கி அதே சீனியர் பாத்தார். கண்ணை மூடச் சொன்ன உடனே வலிப்பு அலைகள் கொத்தா வருது. சாஃப்ட்வேர் என்ன பண்ணியிருக்குன்னா, சிமிட்டல் இருக்கிற ஒவ்வொரு விநாடியையும் வெட்டி எறிஞ்சிருக்கு. அதுக்குக் கொடுத்த உத்தரவு அதுதான், ஒழுங்கா செஞ்சிருக்கு. ஆனா நோய் இருந்ததே அந்த விநாடிகள்லதான். மிச்சம் இருந்ததைப் பாத்தா நார்மல். வீட்டுக்குள்ள திருடன் நிக்கிற ரூமைப் பூட்டிட்டு, மத்த ரூமெல்லாம் தேடி, "திருடன் இல்லை"ன்னு எழுதிக் கொடுத்த கதை.

21. இப்ப ரெண்டு பிள்ளைங்களையும் பக்கத்துல நிறுத்திப் பாருங்க. பையனுக்குச் சிமிட்டலை மூளைன்னு படிச்சாங்க. பொண்ணுக்கு மூளையைச் சிமிட்டல்னு தூக்கி எறிஞ்சாங்க. ரெண்டும் எதிரெதிர் தப்பு. ஆனா காரணம் ஒண்ணே. பதிவு எடுக்கும்போது அந்தப் பிள்ளை முகத்தை யாரும் பாக்கலை. பாத்திருந்தாலும் எழுதலை. சாஃப்ட்வேரால "இது கண்ணு அசைஞ்ச அலை"ன்னு சொல்ல முடியும். "இந்தக் கண்ணு ஏன் அசைஞ்சுது"ன்னு சொல்ல முடியாது. அதைச் சொல்ல முகம் பாத்த ஆள் வேணும், இல்ல வீடியோ வேணும்.

22. "தப்பா மாத்திரை கொடுத்தா என்ன, சும்மா பாதுகாப்புக்குத்தானே?"ன்னு கேக்கிறவங்களுக்கு. சோடியம் வால்ப்ரோயேட் கர்ப்ப காலத்துல எடுத்தா, பிறக்கிற குழந்தைங்கள்ல சுமார் 10-ல் ஒண்ணுக்கு உடல் குறைபாடு, 10-ல் 3, 4 பேருக்கு வளர்ச்சிக் குறைபாடு வரலாம். ஃபெனிடோயினால ஈறு வீங்கும். கார்பமசெபின் நல்ல மருந்துதான். ஆனா அந்தப் பொண்ணுக்கு இருக்கிற மாதிரி வகைக்குக் கொடுத்தா வலிப்பு கூடலாம். எந்த வகைன்னு தெரியாம கொடுக்கிறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல.

23. மாத்திரையை விடப் பெரிசு அந்தப் பேரு. 1999-ல திருத்தம் வர்ற வரைக்கும் இந்து திருமணச் சட்டத்துல திருமணத்துக்குத் தடையா மனநோயோட வலிப்பையும் சேர்த்து எழுதி வெச்சிருந்தாங்க. சட்டம் மாறிடுச்சு, ஜாதகம் பாக்கிற வீட்ல மாறலை. டிரைவிங் லைசன்ஸ் படிவத்துல இன்னிக்கும் வலிப்பு இருக்கான்னு கேள்வி உண்டு. இருக்கிறவங்களுக்கு அந்தக் கேள்வி அவசியம். இல்லாதவன் தலையில ஒரு கிராஃப் பேப்பரால அதை எழுதறதுதான் அநியாயம்.

24. மூளை அலையை நம்பி நம்ம நாட்டுல கோர்ட் வரைக்கும் போயிருக்கோம். 2008-ல புணே செஷன்ஸ் கோர்ட் ஒரு கொலை வழக்குல, மூளை அலைச் சோதனை முடிவையும் ஆதாரங்கள்ல ஒண்ணா எடுத்துக்கிட்டு தண்டனை கொடுத்துச்சு. அதே வருஷம் பெங்களூரு நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இந்தச் சோதனைகளை கோர்ட்ல ஆதாரமா பயன்படுத்தற அளவுக்கு அறிவியல் அடிப்படை இல்லைன்னு சொல்லிடுச்சு. 2010 மே 5 அன்னிக்கு செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல சுப்ரீம் கோர்ட், சம்மதம் இல்லாம யாருக்கும் நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை நடத்தக் கூடாதுன்னு தீர்ப்பு கொடுத்துச்சு.

25. இதை ஏன் இங்க சொல்றேன்? அந்தத் தீர்ப்புல பேசின மூளை அலை, ஒரு விஷயத்தைப் பாத்து ஏறக்குறைய 0.3 விநாடியில வர்ற சின்ன அலை. ஒரு சிமிட்டல் 0.1-ல் இருந்து 0.4 விநாடி வரைக்கும் நீடிக்கும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழ எவ்வளவு வாய்ப்புன்னு நீங்களே பாருங்க. கோர்ட்ல நிக்கிறவருக்காவது ஒரு வக்கீல் எழுந்து, "மை லார்ட், அது மூளைன்னு எப்படிச் சொல்றீங்க?"ன்னு கேப்பார். ஓ.பி.யில நிக்கிறவருக்காக அந்தக் கேள்வியை யார் கேக்கிறது? நான் கேக்கணும். ஏழு மாசம் நான் கேக்கலை.

26. எதிர்வாதம் வரும், தெரியும். "டாக்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் நியூராலஜிஸ்ட் இல்ல. சாஃப்ட்வேராவது இருந்தா நல்லதுதானே?" இதுல பாதி உண்மை. உலகத்துல சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு நோய், அதுல 80 சதவீதம் பேர் நம்மள மாதிரி நாடுகள்ல இருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சரியா கண்டுபிடிச்சு மருந்து கொடுத்தா 70 சதவீதம் பேர் வலிப்பே இல்லாம வாழலாம். அதனால கண்டுபிடிக்க உதவுற எதையும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

27. 20 நிமிஷப் பதிவுன்னா, பத்து விநாடிக்கு ஒரு பக்கம் வீதம் 120 பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் சாஃப்ட்வேர் சிமிட்டலை வேற கலர்ல குறிச்சுக் கொடுத்தா, படிக்கிற டாக்டருக்கு எவ்வளவு நேரம் மிச்சம்! ஆனா குறிக்கணும், அழிக்கக் கூடாது. கை கால் அசையாத நோயாளி சிமிட்டியே எழுத்தைத் தேர்ந்தெடுக்க, தூங்கி வழியற டிரைவரை எழுப்ப, ஆராய்ச்சி செய்ய, எல்லாத்துக்கும் இது உபயோகம். உதவியாளா வெச்சுக்குங்க. கையெழுத்துப் போடற அதிகாரம் மட்டும் கொடுக்காதீங்க.

28. இன்னொரு பாதி என்னன்னா, நியூராலஜிஸ்ட் இல்லாத இடத்துல முதல்ல தேவை பயிற்சி பெற்ற டெக்னீசியன். நல்லா எடுத்த பதிவை, வீடியோவோட, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நிபுணருக்கு அனுப்பிப் படிக்கலாம். மோசமா எடுத்த பதிவை நிம்ஹான்ஸ்ல கொண்டு போய் வெச்சாலும் யாராலும் படிக்க முடியாது. டெக்னீசியன் பதவியைக் காலியா விட்டுட்டு சாஃப்ட்வேர் வாங்கறது, சமையல்காரரை அனுப்பிட்டு மிக்ஸி வாங்கற கதைதான்.

29. என் கோரிக்கைகள். அதிகாரிகளுக்கு: (அ) எந்த இ.இ.ஜி. மெஷின் வாங்கினாலும் கண்ணுக்குக் கீழே எலக்ட்ரோடும், முகம் தெரியற வீடியோவும் கட்டாயம்னு டெண்டர்லயே எழுதுங்க. (ஆ) நீக்காத மூலப் பதிவு எப்பவும் சேமிப்புல இருக்கணும். (இ) ரிப்போர்ட்ல படிச்ச டாக்டர் பேரும் பதிவு எண்ணும் இருக்கணும். (ஈ) 2020 ஏப்ரல் 1-ல் இருந்து நோய் கண்டறியற சாஃப்ட்வேரும் இந்தியாவுல மருத்துவ உபகரணம்தான். அதுக்கான உரிமம் எங்கன்னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க.

30. என்னை மாதிரி டாக்டர்களுக்கு: இ.இ.ஜி. வலிப்பைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல. நோயாளி சொல்ற கதைதான் டெஸ்ட், இ.இ.ஜி. அதுக்குத் துணை. நிஜமாவே வலிப்பு இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலா வரும். வலிப்பே இல்லாத சிலருக்கு மோசமா வரும். பிரேயர்ல மயங்கின பிள்ளைக்கு எழுத வேண்டியது ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சாப்பிட்டியான்னு ஒரு கேள்வி. "எதுக்கும் ஒரு இ.இ.ஜி."ன்னு எழுதற பழக்கத்தை விடுங்க. "அதே மாத்திரை, 30 நாள்"னு எழுதறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "முதல்ல என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க.

31. மக்களுக்கு: மறுபடி வந்தா, ஒருத்தர் பக்கவாட்டுல சாய்ச்சுப் படுக்க வையுங்க, இன்னொருத்தர் போன்ல வீடியோ எடுங்க. முகம், கண்ணு, ரெண்டு கையும் தெரியணும். பல நேரம் அந்த ஒரு நிமிஷ வீடியோ பத்து பக்க கிராஃபை விட உதவும். இரும்பு கொடுக்க வேண்டாம், வாயில எதையும் திணிக்க வேண்டாம். இ.இ.ஜி. எடுக்கிற இடத்துல மூணு கேள்வி கேளுங்க: "கண்ணுக்குக் கீழே வயர் போடுவீங்களா? வீடியோ உண்டா? யார் படிச்சு கையெழுத்துப் போடுவாங்க?" கோவப்பட்டா பரவாயில்ல, கேளுங்க. பதிவை சி.டி.யிலயோ பென்டிரைவ்லயோ வாங்கி வையுங்க.

32. அந்தப் பையனுக்கு சீனியர் மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையைக் குறைச்சு நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒண்ணும் வரலை. லைசன்ஸ் எடுத்துட்டான். போன வாரம் காந்தி மார்க்கெட் பக்கம் வெங்காய மூட்டையோட போனவன் ஹாரன் அடிச்சு, "சார்!"னு கத்தினான். அந்தப் பொண்ணு சரியான மருந்துல இருக்கா, கலர் கண்ணாடி போட்டுக்கிறா. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கோம். ஆத்துக்கு மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம்னு சொல்லியிருக்கேன். பாட்டிக்கு என் மேல கொஞ்சம் வருத்தம்தான்.

33. அவ்வளவுதான். நரம்பியல் படிச்சவங்க யாராவது நான் சொன்னதுல தப்பு இருந்தா திருத்துங்க, த்ரெட்லயே திருத்திடறேன். மத்தவங்க கேள்வியைக் கீழே கேளுங்க. தயவுசெஞ்சு இன்பாக்ஸ்ல ரிப்போர்ட் போட்டோ அனுப்பாதீங்க. முகம் பாக்காம போட்டோ பாத்து இ.இ.ஜி. படிச்சா, இவ்வளவு நேரம் யாரைத் திட்டினேனோ அவங்கள்ல நானும் ஒருத்தன் ஆயிடுவேன். காலையில ஓ.பி. இருக்கு. தூங்கப் போறேன்.